பந்தியில் விழுந்த கோடு

"எந்த ஊர்?" என்று கேட்பார்கள், சொல்வோம். "யார் வீட்டுப் பிள்ளை?" என்பார்கள், அதற்கும் விடை தருவோம். அதன் பின்னர், குரலைச் சற்றே தாழ்த்தி, "மதியம் எங்கே சாப்பாடு?" என்றொரு கேள்வி வருமே, அதிலேதான் இருக்கிறது சூட்சுமம்! பசியாறிற்றா என்று பரிவோடு கேட்கிறார்கள் என எண்ணி ஏமாந்துவிடக் கூடாது. யார் உலை வைத்த சோறு, யார் கை பட்ட குழம்பு, எவர் பக்கத்தில் அமர்ந்து உண்டது என்பதையெல்லாம் அறிந்துகொண்டு, நம்மைத் திண்ணையிலே அமர்த்துவதா, முற்றத்திலே நிறுத்துவதா என்று முடிவு கட்டுவதற்கு முன்னுரை அந்தக் கேள்வி.

உணவுக்கு ஒழுங்குமுறை வகுக்காத நாடு உலகில் இல்லை. யூதரும் இசுலாமியரும் பன்றியிறைச்சியைத் தொடார். சப்பானியர், சோற்றுக் கிண்ணத்திலே குச்சிகளைச் செங்குத்தாக நட்டு வைப்பதை அமங்கலம் என்பர். பிணத்துக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி நடுவது அவர்கள் வழக்கம். மேனாட்டார் விருந்திலே எந்தக் கரண்டியை எந்தக் கையிலே பிடிப்பது என்பதற்கு ஓர் இலக்கணமே உண்டு. இவை பெரும்பாலும் எதை உண்பது, எப்படி உண்பது என்ற அளவில் நிற்பவை. நம் நாட்டிலேயோ, எவர் சமைத்ததை, எவரோடு, எவருக்குப் பின்னால் உண்பது என்ற கேள்விகள் முன்னே வந்து நின்றன. சோற்றின் சுவையும் சத்தும் பின்னே தள்ளப்பட்டன. இலையிலே விழும் சோறு, மனிதனை அளக்கும் கோலாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின் வரலாற்றைத்தான் இங்கே நாம் சற்று விரிவாகக் காண விரும்புகிறோம்.

"அநாதி காலந்தொட்டு வரும் ஆசாரமல்லவா இது!" என்பர் வைதிகர். அநாதியா? ஏட்டைப் புரட்டுவோம்.

புறநானூற்றிலே கபிலர் பேசுகிறார். தம்மை அந்தணன் என்று தாமே கூறிக்கொண்ட புலவர் அவர். சேர மன்னன் செல்வக் கடுங்கோ வாழியாதன் அவருடைய கையைப் பற்றி, 'இவ்வளவு மென்மையாக இருக்கிறதே!' என்று வியக்கிறான். புலவர் விடை கூறுகிறார்: அரசே, உன் கை யானையை அடக்கும் அங்குசமும், குதிரையை இழுத்துப் பிடிக்கும் வாரும், வில்லும் அம்பும் பற்றிக் காய்த்த கை, எம் கைக்கோ, புலவு மணக்கும் ஊனையும் துவையலையும் கறியையும் சோற்றையும் அள்ளி உண்பதன்றி வேறு வேலை ஏது? ஆகவேதான் மென்மை! இதை அவர் சபையறியச் சொல்லுகிறார், மறைத்துச் சொல்லவில்லை, வெட்கித் தலைகுனிந்தும் சொல்லவில்லை. பாரி மாய்ந்தபின் பறம்பு மலையைவிட்டுப் போகும்போது, மதுச்சாடி திறந்ததையும் ஆட்டுக்கிடாய் வீழ்த்தியதையும் அடங்காது அட்ட ஊன்துவை அடிசிலையும் எண்ணியெண்ணி ஏங்குகிறாரே, அவரும் இதே கபிலர்தான். அந்தப் பந்தியிலே பாணன் இருந்தான், விறலி இருந்தாள், பொருநன் இருந்தான். ஊன்சோறு உண்டதால் கபிலரின் புலமைக்கும் குறை வரவில்லை, அந்தணர் என்ற பெயருக்கும் கறை படியவில்லை.

இதைக் கூறுவதால், அந்நாளில் எல்லாம் தேனும் பாலுமாக ஓடிற்று என்று நாம் கதை கட்டுவதாக எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! அதே புறநானூற்றிலேயே 'இழிசினன்' என்ற சொல் வருகிறது. அதே ஏட்டிலேதான் பூதப் பாண்டியனின் தேவி, பெருங்கோப்பெண்டு, தீப்பாயும்முன் பாடிய பாட்டும் இருக்கிறது. கணவனை இழந்தவள் எப்படி உண்ணவேண்டும் என்று அவள் அடுக்குகிறாள்: நெய் தொடாத பழஞ்சோறு, எள்ளுத் துவையல், புளி கூட்டி வேகவைத்த வேளைக் கீரை. உறங்குவதற்குப் பாய் இல்லாப் பரற்கல். இந்த வாழ்வைவிட ஈமத்தீ மேலானது என்கிறாள் அந்த அரசி. நாட்டை ஆண்டவளுக்கே நெய் மறுக்கப்பட்டதென்றால், நாற்று நட்டவள் கதி என்ன? பழம்பெருமை பேசுவோர், கபிலர் பாட்டை எடுத்துக்கொண்டு இந்தப் பாட்டை விட்டுவிடுவது வழக்கம். இரண்டும் நம்முடையவைதாம், இரண்டையும் படித்தாக வேண்டும்.

பழமை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இன்று மிளகாய் இல்லாமல் நமக்குக் குழம்பு உண்டா? உருளைக்கிழங்கு இல்லாமல் பூரிக்குத் துணை உண்டா? இவையிரண்டும், தக்காளியும், அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள்; கொலம்பசு 1492இல் கடல் கடந்த பின்னரே அந்தக் கண்டத்தைவிட்டு வெளியே வந்து, போர்ச்சுகீசியர் வழியாகவும் பிற ஐரோப்பியர் வழியாகவும் இந்நாட்டை அடைந்தவை. திவசச் சமையலில் மிளகாய் சேர்க்காமல் மிளகே சேர்க்கும் வழக்கமுடைய வீடுகள் உண்டல்லவா? பிதிர்களுக்கு அந்தப் புதுக்காய் பிடிக்காது என்பார்கள். பிடிக்காமலென்ன, அந்தப் பிதிர்கள் அதைக் கண்டதே கிடையாது! நாலைந்து நூற்றாண்டுக்கு முன் கப்பலேறி வந்த காய், நாக்கிலே இடம் பிடித்துக்கொண்டது. சாத்திரம் அதைத் தடுக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவிலே இருந்தவனுக்குமட்டும் பந்தியிலே இடம் கிடைக்கவில்லை.

கோடு எங்கே தொடங்கிற்று? மனுவின் நூலைத் திறப்போம். நான்காம் அத்தியாயத்திலே ஒரு நீண்ட பட்டியல் கிடக்கிறது, எவரெவர் தரும் உணவை உண்ணலாகாது என்று. தச்சர், கருமார், பொற்கொல்லர், தையற்காரர், கூடை முடைவோர், சாயம் தோய்ப்போர், துணி வெளுப்போர், நடிகர், பாடகர் என்று வருகிறது அந்தப் பட்டியல். அதிலே மருத்துவனும் உண்டு! நோய் தீர்ப்பவன் தரும் சோற்றைச் சீழுக்கு ஒப்பிடுகிறது அந்நூல். உழைத்து ஊருக்கு உதவுபவன் எவனோ, அவன் சோறு ஆகாது. அவன் அடித்த கலப்பை ஆகும், அவன் நெய்து தைத்த ஆடை ஆகும், அவன் முடைந்த கூடை ஆகும். அவன் வீட்டு உலையிலே வெந்த அரிசி ஆகாது. ஐந்தாம் அத்தியாயம் பூண்டு, வெங்காயம், காளான் ஆகியவற்றை விலக்குகிறது. வேள்வியிலே கொன்ற விலங்கின் இறைச்சிக்கோ வழி விடுகிறது. பத்தாம் அத்தியாயத்துக்குப் போனால், பணிபுரியும் சூத்திரனுக்கு உண்டு மிச்சமான சோற்றையும், உடுத்துப் பழசான துணியையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. ஆக, சூத்திரன் சமைத்தது மேலே போகக்கூடாது; மேலே மிஞ்சிய எச்சில் கீழே வரலாம். சோறு ஒருவழிப் பாதையிலேயே நடக்கவேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

ஏட்டிலே எழுதியது நாட்டிலே நடந்ததா என்று கேட்கலாம். வெளிநாட்டார் இருவர் சாட்சி கூறுகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த சீனத் துறவி பாகியான், நடுநாட்டு மக்கள் பூண்டும் வெங்காயமும் உண்பதில்லை, சண்டாளர்மட்டுமே விதிவிலக்கு என்று எழுதிவைத்தார். அந்தச் சண்டாளர் நகரத்துக்குள் வரும்போது, மற்றவர் ஒதுங்கிக்கொள்ளும் பொருட்டு, மரக்கட்டையைத் தட்டி ஒலி எழுப்பிக்கொண்டே வரவேண்டும் என்பதையும் அவரே குறித்திருக்கிறார். பதினோராம் நூற்றாண்டிலே வந்த அல்பெருனி, இந்நாட்டார் ஒருவரோடொருவர் கலந்து உண்ணாமல், சாணமிட்டு மெழுகிய இடத்திலே தனித்தனியே உண்பதைக் கண்டு வியந்து எழுதினார். அவர் வந்த நாட்டிலே ஒரே தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பது வழக்கம். வியப்புத் தோன்றாமல் என்ன செய்யும்?

இந்த ஏற்பாட்டுக்குள்ளேயும் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. வடநாட்டிலே 'கச்சா' என்றும் 'பக்கா' என்றும் உணவை இருவகையாகப் பிரித்தனர். தண்ணீரிலே வெந்தது கச்சா. அது தன் சாதியார் கையாலோ, தனக்கு மேற்பட்டவர் கையாலோதான் வரவேண்டும். நெய்யிலே பொரித்தது பக்கா. அதைச் சற்றுக் கீழ்ப்பட்டவரிடமிருந்தும் வாங்கலாம். நம் பக்கத்திலும், தண்ணீரில் வெந்த சோறு 'பத்து' என்றும், பலகாரம் அந்தத் தோசத்துக்கு உட்படாது என்றும் வழக்கு இருந்தது. ஏனிந்தச் சலுகை? வழிப்பயணம் போகிறவர், கடைத்தெருவிலே வாங்கித் தின்றாக வேண்டியவர், கல்யாண வீட்டுக்குப் பணியாரம் அனுப்புகிறவர், இவர்களுக்கெல்லாம் வழி வேண்டாமா? தனக்கு வசதியான இடத்திலே தீட்டு தானாகவே இளகிக் கொடுத்தது. நெய்யின் விலை நாம் அறிந்ததே. அதை வார்த்துப் பொரிக்க வசதியுள்ளவன் எவன் என்பதும் நாம் அறிந்ததே.

கிசன்கடி என்ற உத்தரப் பிரதேசச் சிற்றூரிலே தங்கி ஆராய்ந்த மக்கிம் மேரியட் என்னும் அமெரிக்க மானிடவியலாளர், யாரிடமிருந்து யார் சமைத்த உணவு வாங்குகிறார்கள், யாரிடம் வாங்க மறுக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, அதைக்கொண்டே அந்த ஊர்ச் சாதிகளின் ஏணியைப் படிப்படியாக வரைந்து காட்டினார். வேதம் வேண்டாம், புராணம் வேண்டாம், சோற்றுக் கணக்கே போதும், ஏணி எழுந்து நின்றுவிடும்!

பக்தி அந்த ஏணியை உடைத்துவிட்டது என்பாருண்டு. குருபரம்பரை நூல்கள் கூறும் இராமாநுசர் கதை ஒன்றைப் பாருங்கள். பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியைத் தம் வீட்டுக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ணவேண்டும் என்று விரும்பினார் இராமாநுசர். நம்பி வந்தார், உண்டார், சென்றார். இராமாநுசர் வீடு திரும்புமுன், அவர் மனைவி அந்த இடத்தைக் கழுவி மெழுகி, மிச்சத்தை வெளியாருக்குக் கொடுத்துவிட்டு, குளித்துவிட்டுப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருந்தாராம். அந்த அம்மையாரைமட்டும் குறை கூறுவது எளிது. ஆனால் அவருக்கு அந்தப் பாடத்தைக் கற்றுத் தந்தவர்கள் யார்?

இனி, நம் நெஞ்சைப் பிழியும் ஏடு ஒன்றுக்கு வருகிறோம்.

1866ஆம் ஆண்டு. ஒரிசா. முந்திய ஆண்டு மழை பொய்த்தது, பயிர் கருகிற்று. வெள்ளை அரசாங்கம் கைகட்டிக்கொண்டு நின்றது. விழித்துக்கொண்டு அரிசி அனுப்ப முனைந்தபோது பருவமழை தொடங்கிக் கடல்வழி அடைபட்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அந்நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்கு! இவ்வளவு பெரிய சாவுக்கு நடுவே, ஆங்காங்கே கஞ்சித் தொட்டிகள் திறக்கப்பட்டன. சத்திரம் என்பது அவற்றின் பெயர். சமைத்த சோறு அங்கே கிடைத்தது. பக்கத்திலே உட்காருபவன் யார், கஞ்சி ஊற்றுகிறவன் யார் என்று பார்க்கும் நிலையிலா இருந்தார்கள், எலும்பும் தோலுமாக அங்கே தவழ்ந்து வந்தவர்கள்? உண்டார்கள், பிழைத்தார்கள்.

பிழைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். ஊர் என்ன செய்திருக்க வேண்டும்? உயிரோடு வந்தாயே என்று கட்டியணைத்திருக்க வேண்டும். ஊர் கதவைச் சாத்திற்று. சத்திரத்திலே தின்றவன் சாதி கெட்டவன் என்று தீர்ப்புக் கூறிற்று. சொந்தத் தாயாதிகளே தண்ணீர் தர மறுத்தனர். அப்படித் தள்ளப்பட்டவர்கள் ஒன்றுசேர்ந்து புதியதொரு சாதியாகவே ஆனார்கள். அந்தச் சாதிக்குப் பெயர் 'சத்திரகாயி', அதாவது சத்திரத்திலே உண்டவர். வங்காள மாகாணத்துச் சாதிகளைத் தொகுத்த ரிசிலி என்னும் வெள்ளை அதிகாரி அதனைத் தம் நூலிலே பதிந்து வைத்தார்.

கொடுமை அத்துடன் நின்றிருந்தாலும் ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். சாதி கெட்டவர் என்று தள்ளப்பட்ட அந்தச் சத்திரகாயிகள், தங்களுக்குள்ளேயே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று இரண்டாகப் பிரிந்தனர்! பிராமணர், கரணர், கண்டாயத்தர் முதலிய குலங்களிலிருந்து தள்ளப்பட்டவர் மேற்பிரிவு. அதற்குக் கீழுள்ள குலங்களிலிருந்து வந்தவர் கீழ்ப்பிரிவு. ஒரே தொட்டியிலே கஞ்சி குடித்து உயிர் தப்பியவர்கள்தாம். தொட்டி ஒன்று, கஞ்சி ஒன்று, சாவும் ஒன்றாகவே வாயிற்படியில் வந்து நின்றது. கோடுமட்டும் கூடவே வந்தது.

அடுத்த ஆண்டு, 1867 மே மாதம் 23ஆம் நாள், நம் தென்னார்க்காட்டு வடலூரிலே இராமலிங்க அடிகள் தருமசாலையைத் திறந்து, சாதி சமயம் பாராமல் பசித்தவர் எவரும் வந்து உண்ணலாம் என்று அடுப்பு மூட்டினார். ஒரிசாவின் செய்தியும் வடலூரின் செய்தியும் ஓராண்டு இடைவெளியில் நடந்தவை என்பதை நம் பள்ளிப் பாடங்கள் சேர்த்துச் சொல்வதில்லை. வடலூரிலே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அவருக்கு முன்பே தென்கோடியிலே, தோள்சீலைக் கொடுமையும் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாதென்ற கொடுமையும் தலைவிரித்தாடிய திருவிதாங்கூர்ப் பகுதியிலே, வைகுண்ட சாமி பொதுக் கிணறு வெட்டி, பலரையும் ஒரு பந்தியிலே அமர வைத்தார். பஞ்சாபிலே சீக்கியரின் லங்கர், குரு நானக்கின் வழியிலே தொடங்கி, ஒரே வரிசையில் தரையிலமர்ந்து உண்ணும் கட்டுப்பாடாக உறுதிப்பட்டது. கொச்சி நாட்டுச் செறாயியிலே, 1917 மே 29ஆம் நாள், ஐயப்பன் என்ற ஈழவ இளைஞர், புலையர் குலத்தவரோடு தம் குலத்தவரை ஒரே பந்தியில் அமர்த்தினார். விளைவு? 'புலையன் ஐயப்பன்' என்று பட்டம் கொடுத்தனர், வசையென்று எண்ணி! அவர் அதைப் பெருமையோடு ஏற்றுக்கொண்டார். பின்னாளிலே கொச்சியில் அமைச்சராகவும் ஆனார். நாடு அவரை நினைவிலே வைத்திருப்பது சகோதரன் ஐயப்பன் என்ற பெயராலே.

நம் நாட்டு அரசியலையே புரட்டிப் போட்டதும் ஒரு பந்திதானே! சேரன்மாதேவிக்கு வருவோம்.

வ.வே.சு. ஐயர், 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கிப் பின்னர் அதனைச் சேரன்மாதேவிக்கு மாற்றினார். தேசியக் கல்வி என்பது அதன் கொள்கை. தமிழும் உடலுழைப்பும் சேர்ந்த கல்வி. தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, முதற்கட்டமாக ஐயாயிரம் அளித்தது. நன்கொடை வழங்கியவர்களிலே பெரும்பாலார் பார்ப்பனரல்லாதார். கடல் கடந்து மலேயாவிலே உழைத்த தமிழரின் காசும் அதிலே இருந்தது. அங்கே என்ன நடந்தது? பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனி இடத்தில் உணவு. ஏனையோருக்கு வேறிடம். ஊரார் பணம் பொதுவாக வந்து சேர்ந்தது, உணவுமட்டும் இரண்டாகப் பிரிந்தது!

ஐயரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அவர் தம் அளவிலே பந்தி பேதம் பாராதவர். மாணவர்களோடு சேர்ந்து உண்டவர். துப்பாக்கிக்கு அஞ்சாத தீரர். வெள்ளையன் வலைவீசியபோது வேடமிட்டுத் தப்பிவந்தவர். அப்பேர்ப்பட்டவர், அந்த இரண்டு சிறுவர்களின் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே என்ற இடத்திலே நின்றுவிட்டார். பேரரசை எதிர்த்த நெஞ்சம், பெற்றோர் இருவரின் ஆசாரத்தை எதிர்க்கத் தயங்கிற்று. இதிலே நாம் காண்பது தனியொருவரின் கெடுமதியன்று. எவ்வளவு பெரிய வீரனையும் அடுப்பங்கரை வாயிலிலே தடுத்து நிறுத்தும் வல்லமை அந்தக் கோட்டுக்கு இருந்தது, அதையே காண்கிறோம்.

செய்தி வெளியே வந்தது. டாக்டர் வரதராசுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' ஏடு அதனை ஊரறியச் செய்தது. காங்கிரசின் செயலாளர் பொறுப்பில் இருந்த பெரியார் ஈ.வெ.இரா., மீதிப் பணத்தை விடுவிக்க மறுத்தார். காந்தியார்வரை போயிற்று வழக்கு. ஏற்கெனவே வாக்குப் பெற்ற அந்தச் சிறுவர் இருவருக்குமட்டும் விலக்களித்து, இனிமேல் சேருவோர் அனைவருக்கும் பொதுப் பந்தி என்று வைத்துக்கொள்ளலாமே என்பது அவர் காட்டிய சமரச வழி. இருவருக்குத்தானே விலக்கு என்றனர் சிலர். எண்ணிக்கையிலா இருக்கிறது சிக்கல்? நாளெல்லாம் கூடப் படித்துக் கூட விளையாடிய தோழன் தன் பக்கத்திலே அமர்ந்து உண்ணாமல் எழுந்து போவதைப் பார்க்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு, அன்று அவன் கற்ற பாடம் எது? தேசியக் கல்வியா, வருணாசிரமக் கல்வியா?

1925 ஏப்ரலிலே திருச்சியில் கூடிய தமிழ்நாடு காங்கிரசுக் கமிட்டி, பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பிப்பதைத் தேசிய இயக்கத்தைச் சார்ந்த எந்த அமைப்பும் கைக்கொள்ளக் கூடாது என்று எசு. இராமநாதன் கொண்டுவந்த தீர்மானத்தை நிறைவேற்றிற்று. அதைப் பொறாது இராசகோபாலாச்சாரியார் உள்ளிட்ட சிலர் செயற்குழுவைவிட்டு விலகினர். ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து நீங்கினார். சூன் 3ஆம் நாள், பாபநாசத்து அருவியிலே தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் பாய்ந்து, மகளோடு தாமும் மாண்டார். அந்த முடிவை எண்ணும்போது, மாறுபட்டு நின்றவர்களின் கண்ணும் கலங்கத்தான் செய்தது. அதே ஆண்டு நவம்பரிலே காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியதும், அதன் பின் நாட்டிலே நடந்ததும் நீங்கள் அறியாதவையல்ல.

பள்ளிக்கூடத்துக் கோடு இப்படி என்றால், கடைத்தெருக் கோடு இன்னொரு விதம். இரயில் வந்தது, எல்லாச் சாதியையும் ஒரே பெட்டியிலே ஏற்றிக்கொண்டு புகையைக் கக்கிக்கொண்டு ஓடிற்று. ஆனால் அந்த இரயில் நின்ற நிலையங்களிலே, சிற்றுண்டி சாலைக்குள் பிராமணருக்கென்று தனித் தடுப்பு! இந்த வேறுபாடு 1941இல்தான், கிளர்ச்சியின் பின்னரே, நீங்கிற்று. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடையிலும் உணவு விடுதியிலும் சாதியின் பேரால் தடை கூடாதென்றது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதன் பிறகும் நகரத்து விடுதிகளின் நெற்றியிலே 'பிராமணாள்' என்ற பலகை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபேயின் முன்னே மறியல் தொடங்கிற்று. நாள்தோறும் தொண்டர்கள் சென்றார்கள், நாள்தோறும் கைதானார்கள், மாதக்கணக்கில் நடந்தது அந்தப் போர். "மரக்கறி உணவு என்பதைக் குறிக்கத்தானே ஐயா அந்தச் சொல்!" என்று சமாதானம் கூறியோர் உண்டு. மரக்கறியைக் குறிக்க மரக்கறி என்ற சொல் இருக்கையில், சாதிப் பெயர் எதற்கு? ஒருவனுக்கு அந்தப் பலகை உணவுப் பட்டியலாகத் தெரிந்திருக்கலாம். மற்றவனுக்கு அது, நீ சூத்திரன் என்று எழுதிய சீட்டாகத் தெரிந்தது. முடிவில் பலகை இறங்கிற்று. மூன்றாண்டு கழித்து, 1960 பிப்ரவரி முதல் நாள், அமெரிக்காவின் கிரீன்சுபரோ நகரத்திலே கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேடையிலே அமர்ந்து எழ மறுத்ததைக் கேள்விப்பட்ட நம்மவர்க்கு, அந்தச் செய்தியை எவரும் விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருந்திருக்காது.

சேரிக்கு வந்தால், தேநீர்க் கடையிலே இரட்டைக் குவளை. உள்ளே கண்ணாடிக் குவளை. வெளியே கொட்டாங்கச்சியோ தகரக் குவளையோ. உழைத்த கூலிக்கு வாங்கிய தேநீரைக் குடித்துவிட்டு, குடித்த குவளையைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போகவேண்டும். சட்டம் வந்து பல பத்தாண்டு கழித்தும், இந்த நூற்றாண்டு பிறந்த பின்னரும்கூட, தமிழ்நாட்டு ஊர்களிலே இது பதிவு செய்யப்பட்டிருக்கிறது. காசுக்குத் தீட்டில்லை, அது நேரே கல்லாப்பெட்டிக்குள் போயிற்று.

வெளியே உள்ள கோட்டையே பேசிக்கொண்டிருந்தால், நம் வீட்டுக்குள்ளே கிடக்கும் கோட்டை எவர் பேசுவது? கணவன் உண்டபின் மனைவி உண்ணவேண்டும். அவன் உண்ட இலையிலேயே உண்டால் இன்னும் சிறப்பு என்றார்கள். மனுவின் நூல், மனைவியோடு சேர்ந்து உண்ணாதே, அவள் உண்ணும்போது அவளைப் பார்க்கவும் செய்யாதே என்று ஆணுக்கு விதிக்கிறது. பார்க்கவில்லை, ஆகவேதான் அவள் இலையிலே என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரியாமலே போயிற்று! சட்டியின் அடியிலே ஒட்டிக் கிடந்தது, குழம்பிலே காய் தீர்ந்து போன மிச்சம், மோரிலே நீர். பிள்ளைப்பேற்றுக் காலத்திலே பத்தியம் என்ற பேரில் மேலும் குறைப்பு. கருவுற்றவள் நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பேறு கடினமாகும் என்று வயிற்றைக் கட்டச் சொன்ன பாட்டிமார் எத்தனை பேர்!

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு கூறும் கணக்கு இது: இந்தியாவிலே 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர்கள், அதே வயது ஆண்களில் நூற்றுக்கு 25 பேர். தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேற்பட்டவர் இந்நிலையிலேதான். மாதவிலக்கும் மகப்பேறும் பெண்ணின் குருதியைக் குறைப்பவை என்பது உண்மை. மருத்துவர் அதைச் சொல்லுவர். அப்படியானால் கூடுதல் சத்து யாருக்குத் தேவை? அவளுக்கன்றோ! முட்டையும் கறியும் கீரையும் முதலிலே யார் இலையில் விழவேண்டும்? நடப்பது தலைகீழ். மேடையிலே சமபந்தி பேசிவிட்டு வீட்டுக்குப் போய், தாயோ தமக்கையோ மனைவியோ பரிமாறக் கால்நீட்டி அமர்ந்து உண்டு எழுகின்ற தோழர்களை நாம் அறிவோம். அவர்கள் இந்த இடத்தைமட்டும் இரண்டு முறை படிக்கட்டும்.

கோட்டை அழிக்கும் வேலையிலே, எந்தச் சொற்பொழிவையும்விடப் பெரிய வேலையைச் செய்தது பள்ளிக்கூடத்துச் சோறு. 1920இல், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைமையில் இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே சிறுவர்க்குச் சிற்றுண்டி வழங்கத் தொடங்கினர். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை நாடெங்கும் விரித்தார். 1982 சூலையில் எம்.சி.ஆர். அதைச் சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் ஆட்சியிலே அந்தத் தட்டிலே முட்டை ஏறியது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்தது. ஒரே தரையிலே வரிசையாக அமர்ந்து, ஒரே அண்டாவின் சோற்றை உண்டு எழுந்த தலைமுறைகள் இவை. பக்கத்திலிருப்பவன் என்ன சாதி என்று அந்தக் குழந்தைகள் கேட்கவில்லை, கேட்டவர்கள் பெற்றோர்கள்.

ஆம், கேட்டார்கள். 2018இல் திருப்பூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றிலே, சத்துணவு சமைக்க அருந்ததியர் குலத்துப் பெண்மணி ஒருவர் வந்தார். அவர் சமைத்தால் எம் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று ஊரார் சிலர் திரண்டனர். அதிகாரிகள் செய்ததென்ன? அந்தப் பெண்மணியை இடம் மாற்றி ஆணை போட்டனர்! எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்த ஆணை விலக்கப்பட்டது. மிரட்டியோர் மீது வழக்கும் பாய்ந்தது. அந்த ஊரார், பிராமணாள் பலகையை எதிர்த்துப் போராடிய காலத்திலே எந்தப் பக்கம் நின்றிருப்பார்கள்? எங்களை எப்படி ஐயா சூத்திரன் எனலாம் என்று நம்மோடுதான் நின்றிருப்பார்கள்! மேலே இருக்கும் கோட்டை அழிக்க நீளும் கை, கீழே இருக்கும் கோட்டைக் காக்கவும் நீளுகிறது. இதை நம் இளைஞர்கள் தம் ஊரிலே, தம் தெருவிலே, தம் உறவினரிடம் பேசவேண்டும். பேசுவது எளிதன்று, மேடையிலே பேசுவதைக் காட்டிலும் கடினம்.

சிறைக்குள்ளும் இருந்தது அந்தக் கோடு. 1840களிலே வட இந்தியச் சிறைகளில், கைதிகள் தனித்தனியே சமைப்பதை நிறுத்திப் பொதுச் சமையல் கொண்டுவர வெள்ளையர் முயன்றபோது, சாதி போகும் என்று கலகம் மூண்டது. வெள்ளை அரசு அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம், சாதியைத் தொடாதே என்பது. சிறை விதிகளிலேயே, சமையலுக்குத் தகுந்த சாதிக் கைதி, கழிவகற்றத் தகுந்த சாதிக் கைதி என்று எழுதி வைத்தனர். வெள்ளையன் போனான், விதி நின்றது. பல மாநிலங்களின் சிறை விதிநூல்களிலே அது அப்படியே கிடந்தது. நம் பாளையங்கோட்டைச் சிறையிலே, சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து அடைத்தனர். கலவரம் வராமல் தடுக்கவே அப்படிச் செய்வதாகக் காரணம் கூறினர்.

2024 அக்டோபர் 3ஆம் நாள், உச்சநீதிமன்றம், சாதி பார்த்துச் சிறையிலே வேலை பிரிப்பதும் கைதிகளைப் பிரிப்பதும் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்து, சமையல் விதிகள் உட்பட அந்த விதிகளையெல்லாம் மூன்று மாதத்துக்குள் திருத்துமாறு எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. பாளையங்கோட்டைப் பிரிவினையும் அந்தத் தீர்ப்பிலே பேசப்பட்டது. கலவரத்தைக் காரணம் காட்டிப் பிரிப்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சேரன்மாதேவிப் பந்தியிலிருந்து பாளையங்கோட்டைச் சிறை அதிகத் தொலைவிலே இல்லை. இடையிலே ஓடுவது தாமிரபரணி. கடந்திருப்பது, ஓராண்டு குறைய ஒரு நூற்றாண்டு.